‘உங்க உடம்பே கருவை அழிக்குது’ என்கிறார்களா? ஊசி போடும் முன் இதைப் படிங்க!

உடல் நலம் - வாரத் தொடர்

“மூணு தடவை கரு நின்னுச்சு. மூணு தடவையும் ரெண்டாவது, மூணாவது மாசத்துலயே கலைஞ்சுபோச்சு. எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். இப்போ, ‘உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே கருவை அந்நியப் பொருளா நினைச்சு அழிக்குது, அதுக்குத் தனியா ஊசி இருக்கு’ன்னு சொல்றாங்க. செலவுக்கு நகையை வைக்கலாம்னு வீட்ல பேசிக்கிறாங்க. போட்டுக்கலாமா?”

ஆரணி, செய்யாறு பக்கமிருந்து ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கும் சென்னைக்கும் அலையும் தம்பதிகள் பலரின் மனதில் ஓடும் கேள்வி இது. பட்டுத்தறி ஓடும் வீட்டில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், இரண்டு நாள் தறி நிற்கும். அதற்கு மேல் நகையும் அடகுக்குப் போகிறது என்றால், போடப்போகும் ஊசி உண்மையிலேயே வேலை செய்யுமா என்று தெரிந்துகொள்ள அந்தக் குடும்பத்துக்கு முழு உரிமை இருக்கிறது.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். எதிர்ப்பு சக்திக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு உண்டு. ஆனால், அந்தப் பெயரில் விற்கப்படும் டெஸ்ட்டுகள், ஊசிகள் பலவற்றுக்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் உள்ள ஒரு சிகிச்சை இருக்கிறது. அது பெரும்பாலும் மற்றவற்றைவிட விலை குறைவு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்போம்.

எத்தனை முறை கலைந்தால் கவலைப்பட வேண்டும்?

உறுதிசெய்யப்பட்ட 100 கர்ப்பங்களில் சுமார் 15 கருச்சிதைவில் முடிகின்றன. உலகம் முழுக்க வருடத்துக்கு சுமார் 2.3 கோடி கருச்சிதைவுகள் நடப்பதாக 2021-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் கணக்கிட்டது. ஆக, ஒருமுறை கலைந்தது என்பதற்காக உடம்பில் ஏதோ பெரிய கோளாறு என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆரம்பத்திலேயே கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் தற்செயலாக நேரும் பிழை. அம்மா என்ன சாப்பிட்டார், எங்கே போனார், என்ன வேலை செய்தார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டு முறை கலைந்தாலே ‘தொடர் கருச்சிதைவு’ என்று எடுத்துக்கொண்டு பரிசோதிக்கலாம் என்கிறது ஐரோப்பிய மகப்பேறு ஆராய்ச்சி அமைப்பான எஷ்ரே. மூன்று முறை என்பது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் கணக்கு. எந்தக் கணக்கை எடுத்தாலும், தொடர் கருச்சிதைவுக்கு ஆளாகிறவர்களில் சுமார் பாதிப் பேருக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்த பிறகும் காரணம் தெரிவதில்லை.

இந்தக் ‘காரணம் தெரியவில்லை’ என்ற வெற்றிடத்தில்தான் எதிர்ப்பு சக்தி பற்றிய பேச்சு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

1953-ல் எழுந்த கேள்வி

ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தினால் உடம்பு அதை ஏற்காமல் தாக்கும். அதைத் தடுக்க வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். ஆனால், கருவில் பாதி மரபணு அப்பாவுடையது. அம்மாவின் உடம்புக்கு அது பாதி அந்நியம்தான். அப்படியிருந்தும் பத்து மாதம் அது எப்படித் தாக்கப்படாமல் வளர்கிறது?

பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மெடாவர் 1953-ல் இந்தக் கேள்வியை எழுப்பினார். உறுப்பு மாற்று ஆராய்ச்சிக்காக 1960-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடைய கேள்வியிலிருந்துதான் ‘அம்மாவின் எதிர்ப்பு சக்தி சரியாக அடங்காவிட்டால் கரு கலையும்’ என்ற எண்ணம் வளர்ந்தது. கேட்க நியாயமாகவே இருந்தது. ஆனால், கர்ப்பப்பைக்குள் பார்க்கப் பார்க்க விஷயம் வேறு மாதிரி இருந்தது.

பெயர்தான் ‘கில்லர்’!

நம் ரத்தத்தில் ‘நேச்சுரல் கில்லர்’ என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது. சுருக்கமாக ‘என்.கே செல்’. வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுநோய் செல்லையும் தேடிக் கொல்வது இதன் வேலை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கர்ப்பப்பையின் உள்படலத்தில் இருக்கும் எதிர்ப்பு செல்களில் சுமார் 70 சதவிகிதம் இந்த என்.கே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

கரு ஒட்டிய இடத்தைச் சுற்றி இத்தனை ‘கொலையாளிகளா’ என்று பயம் வருவது இயல்பு. ஆனால், கர்ப்பப்பையில் இருக்கும் என்.கே செல்லும் ரத்தத்தில் ஓடும் என்.கே செல்லும் ஒன்றல்ல. கர்ப்பப்பையில் இருப்பவை கொல்வதில் கெட்டிக்காரர்கள் அல்ல. அவற்றின் முக்கிய வேலை கட்டுமானம்.

கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்கள் ஸ்பிரிங் போலச் சுருண்டு, குறுகலாக இருக்கும். வளரும் கருவுக்கு அந்த ரத்தம் போதாது. நஞ்சுக்கொடியின் செல்கள் அம்மாவின் திசுவுக்குள் இறங்கி, அந்தக் குழாய்களை அகலப்படுத்த வேண்டும். ஏரி மதகிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலை அகலமாக வெட்டுவது போன்ற வேலை இது. கூடவே நின்று இதற்கு உதவுபவை என்.கே செல்கள். இந்த வேலை சரியாக நடக்காவிட்டால், பின்னால் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு போன்ற சிக்கல்கள் வரலாம்.

என்.கே செல்கள் தவிர, சண்டையை அடக்கிவைக்கும் ‘ரெகுலேட்டரி டி செல்’ என்ற இன்னொரு வகையும் உண்டு. 2004-ல் எலிகளில் நடந்த ஆய்வில், இந்தச் செல்களை நீக்கியதும், அப்பாவின் அந்நிய மரபணுவைச் சுமந்த குட்டிகள் கருவிலேயே அழிந்தன. ஆக, எதிர்ப்பு செல்களுக்குக் கர்ப்பத்தில் பெரிய பங்கு இருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பங்கை அளந்து, மருந்து கொடுத்துச் சரிசெய்ய நமக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

லக்னோ ஒன்று சொல்ல, கேம்பிரிட்ஜ் வேறு சொல்ல…

இந்தியாவில் இந்த விஷயத்தை நீண்ட காலம் ஆராய்ந்த இடங்களில் ஒன்று, லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனம். அங்கே டாக்டர் சுரக்ஷா அகர்வால் குழுவினர் தொடர் கருச்சிதைவுக்கு ஆளான வட இந்தியப் பெண்களின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். என்.கே செல்களை அதிகமாகத் தூண்டும் மரபணுச் சேர்க்கை கருச்சிதைவுக்குத் துணைபோவதாக 2011-ல் எழுதினார்கள்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி மோஃபெட் குழுவினரின் ஆய்வுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. அவர்கள் கணக்கில், என்.கே செல்கள் போதிய அளவு தூண்டப்படாமல் அடக்கப்படுவதுதான் சிக்கல். அப்போதுதான் ரத்தக் குழாய்கள் சரியாக அகலமாவதில்லை.

ஒரு பக்கம் ‘அதிகத் தூண்டல் ஆபத்து’. இன்னொரு பக்கம் ‘குறைந்த தூண்டல் ஆபத்து’. ஆராய்ச்சிக்கூடத்தில் இப்படி முரண்பாடு வருவது சகஜம். அறிவியல் அப்படித்தான் நகரும். ஆனால், நிபுணர்களுக்கே முடிவாகாத ஒன்றை வைத்து, ‘உங்களுக்கு என்.கே செல் அதிகம், அதைக் குறைக்க மருந்து’ என்று சீட்டு எழுதுவது சரியாகுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். என்.கே டெஸ்ட் என்று பெரும்பாலும் எடுக்கப்படுவது கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில். கர்ப்பப்பைக்குள் இருக்கும் செல்கள் என்ன செய்கின்றன என்பதை அந்த ரத்தம் சொல்லாது. அதனால்தான் தொடர் கருச்சிதைவுக்கு இந்த டெஸ்ட்டை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்கிறது எஷ்ரே.

கணவரின் ரத்த அணு ஊசி

‘எல்.ஐ.டி’ என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணவரின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகப் போடும் சிகிச்சை. இதற்குப் பின்னால் ஒரு கருத்து இருந்தது. கணவன், மனைவி இருவரின் திசு அடையாளங்களும் ஒரே மாதிரி இருந்தால், மனைவியின் உடம்பு கருவை ‘அடையாளம்’ காணாது, கருவைக் காக்கும் எதிர்ப்பொருளை உருவாக்காது, அதனால் கரு கலையும் என்பது அந்தக் கருத்து.

இதைக் கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று தோன்றும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்வது இங்கே சாதாரணம். அந்தக் கருத்து சரி என்றால், சொந்தத்தில் கட்டியவர்களுக்குக் கருச்சிதைவு மிக அதிகமாக இருக்க வேண்டுமே?

1970-களில் வேலூர் சி.எம்.சி-யைச் சேர்ந்த பி.எஸ்.எஸ்.ராவ், எஸ்.ஜி.இன்பராஜ் இருவரும் இதே வட ஆர்க்காடு மாவட்டத்தில் பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். கிராமங்களில் சுமார் 47 சதவிகிதம், நகரத்தில் சுமார் 29 சதவிகிதம் திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. 1977-ல் வெளியான முடிவுகளின்படி, சொந்தத்தில் கட்டியவர்களுக்கும் அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் கரு இழப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. (சொந்தத்தில் கட்டினால் குழந்தைக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்பது தனி விஷயம். அதை மறக்க வேண்டாம்.)

ஆனாலும் ஊசி பரவியது. 1985-ல் லண்டனில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், கணவரின் அணுக்கள் ஏற்றப்பட்ட 22 பெண்களில் 17 பேருக்குக் கர்ப்பம் வெற்றி. தங்கள் சொந்த அணுக்களையே ஏற்றிக்கொண்ட 27 பேரில் 10 பேருக்குத்தான் வெற்றி. உலகமே இந்த ஊசியின் பக்கம் திரும்பியது. 2004-ல் லக்னோ குழுவும் நல்ல பலன் தெரிவதாக எழுதியது. அது ஒரே மையத்தில் நடந்த ஆய்வு.

அதற்கு முன்பே, 1999-ல், அமெரிக்காவின் கரோல் ஓபர் குழுவினர் பல மையங்களில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு வந்திருந்தது. கணவரின் அணு ஊசி போட்டவர்களில் 36 சதவிகிதம் பேருக்கு வெற்றி. வெறும் உப்பு நீர் ஊசி போட்டவர்களில் 48 சதவிகிதம் பேருக்கு வெற்றி. அதாவது, ஊசி போட்டவர்கள் நிலைதான் பின்தங்கியிருந்தது. ஆய்வே பாதியில் நிறுத்தப்பட்டது. 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இதைப் போடக் கூடாது என்று அறிவித்தது. 2014-ல் பல ஆய்வுகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் அறிக்கையும் பலன் நிரூபிக்கப்படவில்லை என்றது. பலன் இல்லை என்பதோடு முடியவில்லை. இன்னொருவரின் ரத்த அணுவை ஏற்றுவதால் தொற்று, வேண்டாத எதிர்ப்பொருள்கள் உருவாவது போன்ற ஆபத்துகளும் உண்டு.

இருந்தும், நம் நாட்டில் சில தனியார் மையங்களில் இது இன்னும் கிடைக்கிறது.

‘இன்ட்ராலிபிட்’ என்ற கொழுப்புக் கரைசல் டிரிப், காரணம் தெரியாமலே கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றையும் தொடர் கருச்சிதைவுக்கு எஷ்ரே பரிந்துரைக்கவில்லை. ‘ஐ.வி.ஐ.ஜி’ எனும் விலை உயர்ந்த ஊசி மட்டும், காரணம் தெரியாமல் நான்கு முறையோ அதற்கு மேலோ இழந்தவர்களுக்கு, கர்ப்பத்தின் மிக ஆரம்பத்தில் பலன் தரலாம் என்று ஜப்பான் ஆய்வுக்குப் பிறகு பேசப்படுகிறது. அது எல்லோருக்குமான சிகிச்சை அல்ல.

‘அங்கே போட்டாங்க, குழந்தை பிறந்துச்சே!’

இப்படிச் சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதும் பொய்யாக இருக்காது. ஆனால், ஒரு கணக்கைப் பாருங்கள்.

பிரிட்டன், நெதர்லாந்து மருத்துவமனைகளில் நடந்த ‘பிராமிஸ்’ என்ற ஆய்வின் முடிவு 2015-ல் வெளியானது. காரணம் தெரியாமல் மூன்று முறையோ அதற்கு மேலோ கரு இழந்த 836 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். புரொஜெஸ்டரோன் மருந்து எடுத்தவர்களில் 65.8 சதவிகிதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் எவ்வளவு தெரியுமா? 63.3 சதவிகிதம்!

அதாவது, காரணம் தெரியாமல் மூன்று முறை இழந்து, மறுபடி கருவுற்ற 100 பெண்களில் சுமார் 63 பேர் எந்த மருந்தும் இல்லாமலே குழந்தையைக் கையில் ஏந்தினார்கள். அந்த 100 பேருக்கும் ஒரு விலை உயர்ந்த ஊசியைப் போட்டிருந்தால், அந்த 63 பேரும் ‘ஊசியால்தான் பிறந்தது’ என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். போலி ஊசி போட்ட ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தச் சிகிச்சையின் வெற்றியையும் நம்பக் கூடாது என்பது இதற்காகத்தான்.

இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மூன்று முறை இழந்தாலும், குழந்தை பிறக்கும் வாய்ப்பு உங்கள் பக்கம்தான் அதிகம்.

(புரொஜெஸ்டரோனுக்கு ஒரு இடம் உண்டு. ஏற்கெனவே கரு கலைந்த பெண்ணுக்கு, இந்தக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரத்தக்கசிவு இருந்தால் அது உதவலாம் என்று 2019-ல் வந்த ‘பிரிஸம்’ ஆய்வு காட்டியது. உங்கள் டாக்டர் அதற்காகக் கொடுத்தால் தயங்க வேண்டாம்.)

நிரூபிக்கப்பட்ட எதிர்ப்பு சக்திப் பிரச்னை ஒன்று உண்டு

அதன் பெயர் ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். சுருக்கமாக ‘ஏ.பி.எஸ்’. பிரிட்டன் டாக்டர் கிரஹாம் ஹியூஸ் 1983-ல் இதை விவரித்தார். உடம்பின் எதிர்ப்பு செல்கள் தவறான எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடும். அவை ரத்தத்தை உறையத் தூண்டும், நஞ்சுக்கொடி வளர்வதையும் கெடுக்கும்.

இதற்கான டெஸ்ட் சாதாரண ரத்தப் பரிசோதனைதான். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்று மூன்று பெயர்கள் ரிப்போர்ட்டில் இருக்கும். முக்கியமான விஷயம், ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது. 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் பாசிட்டிவ் என்றால்தான் ஏ.பி.எஸ் உறுதி. சாதாரணக் காய்ச்சல், தொற்றுக்குப் பிறகுகூடத் தற்காலிகமாக பாசிட்டிவ் வரலாம்.

உறுதியானால் சிகிச்சை தெளிவாக இருக்கிறது. குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை, கூடவே ஹெப்பாரின் ஊசி. 1997-ல் லண்டனில் ராஜ் ராய், லெஸ்லி ரீகன் குழுவினர் 90 பெண்களிடம் நடத்திய ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவிகிதம் பேருக்கும், இரண்டையும் எடுத்தவர்களில் 71 சதவிகிதம் பேருக்கும் குழந்தை பிறந்தது.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை. ஏ.பி.எஸ் இல்லாத, காரணம் தெரியாத பெண்களுக்கு இதே மருந்துகளைக் கொடுத்து நெதர்லாந்தில் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவு, பலன் இல்லை என்றது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வயிற்றில் ஊசி போட்டார்கள் என்பதற்காக நீங்களும் கேட்டு வாங்கக் கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* ஏ.பி.எஸ் டெஸ்ட் எடுத்தாச்சா? 12 வாரம் கழித்து இரண்டாவது முறை எடுத்தாச்சா?
* தைராய்டு, சர்க்கரை பார்த்தாச்சா?
* கர்ப்பப்பையின் அமைப்பு, நடுவில் தடுப்பு ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தாச்சா?
* கலைந்த கருவின் திசுவைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா? அதில் பிழை தெரிந்தால், அந்தமுறை கலைந்ததற்குக் காரணம் கிடைத்துவிடும்.
* கணவன், மனைவி இருவருக்கும் குரோமோசோம் டெஸ்ட் எங்கள் விஷயத்தில் தேவையா?
* நீங்கள் சொல்லும் ஊசியைப் போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இருக்கிறதா? போடாமல் இருந்தால் எங்களுக்கு வாய்ப்பு எவ்வளவு?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல டாக்டர் அதற்குக் கோபப்பட மாட்டார். பதில் திருப்தி தராவிட்டால், நகையை அடகு வைக்கும் முன் வேலூர் சி.எம்.சி, சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் ஒருமுறை ஃபைலைக் காட்டிக் கருத்து கேளுங்கள். பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த வாரத்தில் கலைந்தது என்ற விவரம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்துப் போங்கள். எடுத்த டெஸ்ட்டையே மறுபடி எடுக்கும் செலவு குறையும்.

மறுபடி கரு நின்றால், ஆறாவது வாரம் தொடங்கி அடிக்கடி ஸ்கேன் பார்த்து ‘துடிப்பு நல்லா இருக்கு’ என்று சொல்லும் கவனிப்பு அந்தப் பதற்றமான வாரங்களைத் தாண்ட மிகவும் உதவும்.

வீட்டுக்கும் வேலைக்கும்

கரு கலைந்ததும் முதல் விரல் நீள்வது பெண் பக்கம்தான். ‘தறியில உட்காராதேன்னு சொன்னேன்ல’, ‘பஸ்ல போனதாலதான்’ என்பார்கள். வழக்கமான வேலையாலோ, பஸ் பயணத்தாலோ, ஒருநாள் அழுததாலோ கரு கலைவதில்லை. வயது, புகை, மது, அதிக எடை ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டும் விஷயங்கள். புகை பிடிக்கும் கணவருக்கும் இதில் பங்கு உண்டு. ‘உன் உடம்பே குழந்தையைக் கொன்னுடுச்சு’ என்ற புதுப் பழி, அந்தப் பழைய பழிகளின் ஆங்கில மருத்துவப் பதிப்பாக ஆகிவிடக் கூடாது.

செய்யாறு சிப்காட் காலணி ஆலைகளில் வேலை செய்யும் தங்கைகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கருச்சிதைவு நடந்தால், மருத்துவச் சான்று கொடுத்து ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு பெற உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. 1961-ம் வருட மகப்பேறு பலன்கள் சட்டத்தில் வந்த உரிமை இது. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கும் ஆறு வாரப் பலன் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப்போடாதீர்கள்.

வீட்டிலேயே தறி போட்டு நெய்யும் பெண்ணுக்கு விடுப்பு எழுதிக்கொடுக்க ஆள் இல்லை. அந்த ஆறு வாரத்தைக் குடும்பம்தான் கொடுக்க வேண்டும். பாவு அப்படியே இருக்கட்டும். அவள் கொஞ்சம் படுத்திருக்கட்டும்.

(இந்தத் தொடர் பொதுவான தகவலுக்கு மட்டுமே. மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரிடம் பேசிய பிறகுதான். அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி, மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.)